பார்க்க வேண்டிய இடங்கள்

கடந்த டிசம்பர் விடுமுறையில் புத்தளத்திலிருந்து ஒரு பஸ் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் பார்க்கப் போனோம். 'பார்க்கப் போனோம்' என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது. பஸ்ஸில் இருந்தவர்களில் என் வயதையொத்த பத்துப் பேருக்காவது அது பிறந்த ஊர். மற்றவர்கள் புத்தளத்தின் உப்புக் காற்றில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் கண்டிக்கும் அனுராதபுரத்துக்கும் போவதுபோல யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். இளைஞர் ஒருவர் அச்சடித்துத் தந்த தாளில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்று தலைப்பு. கோட்டை, பொது நூலகம், நல்லூர், மந்திரிமனை, நிலாவரைக் கிணறு, கீரிமலை. சோனகதெரு அதில் இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல, அது ஒரு பார்வையிடும் இடம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கோட்டை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினார்கள். 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். அந்தக் கற்கள் கோட்டைக்குப் போயின என்று சொல்வார்கள். 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகப் பெருப்பித்துக் கட்டினார்கள். 1990இல் இயக்கம் அதை முற்றுகையிட்டபோது உள்ளேயிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் உடைந்து கல்மேடாயிற்று. செப்டெம்பர் இறுதியில் இராணுவம் கோட்டையை விட்டுப் போனது. அடுத்த மாதம் 30ஆம் திகதி நாங்கள் போனோம்.

இப்போது கோட்டை மதிலின் மேல் சோடி சோடியாக இளசுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே கடலை விற்கிறார்கள். பரவைக் கடலில் சூரியன் இறங்குவதைப் போட்டோ எடுப்பதற்கு நல்ல இடம். என் பேரனும் எடுத்தான். இடித்தவன் கட்டியதையும், பிடித்தவன் பெருப்பித்ததையும் நாங்கள் அழகென்று பார்த்தோம். யாருக்கும் கோபம் வரவில்லை. நானூறு வருடம் போதும் போலிருக்கிறது.

அங்கிருந்து சோனகதெருவுக்கு நானே வழி சொல்லி பஸ்ஸைத் திருப்பினேன். திரும்பி வந்த குடும்பங்கள் சில வீடுகளைக் கட்டியிருக்கின்றன. பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. ஒஸ்மானியாக் கல்லூரியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனாலும் ஒழுங்கைகளுக்குள் நுழைந்தால் கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கதவும் நிலையும் கழற்றிய ஓட்டைகள். ஒரு வீட்டின் நடுமண்டபத்தில் வேம்பொன்று மாடி உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பேரன் கேட்டான்: "இதையும் வெள்ளைக்காரனா உடைச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. தொல்பொருட் சட்டத்துக்கு ஒரு கால எல்லை உண்டு. 1990 அதற்குள் வராது. அதற்குள் வராத இடிபாட்டை நாங்கள் சின்னம் என்பதில்லை, பாழ் வளவு என்கிறோம். ஒன்றின் முன்னால் பலகை நடுகிறோம், மற்றதன் முன்னால் குனிந்துகொண்டு போகிறோம். ஓர் அநியாயம் எத்தனை வருடம் கழிந்தால் பார்க்க வேண்டிய இடமாகிறது? அதைச் செய்தவனின் பேரனும் செத்த பிறகா? அல்லது அனுபவித்தவன் செத்த பிறகா?

பூமியில் பயணம் செய்து, முன்சென்றவர்களின் முடிவு எப்படியிருந்தது என்று பாருங்கள் என்பது குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்தி. அந்தப் பார்வை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஹிஜ்ர் சம்பவம் இருக்கிறது. தபூக் பயணத்தில், தமூது கூட்டத்தார் வாழ்ந்த அந்தப் பாழூரைக் கடந்தபோது நபியவர்கள் தலையை மூடிக்கொண்டு விரைந்தார்கள். அழுதபடியன்றி உள்ளே போக வேண்டாம் என்றார்கள். அந்தக் கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடச் சொன்னார்கள். அதே ஹிஜ்ர் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இன்று ரிக்கற் எடுத்து உள்ளே போகலாம். போகலாமா கூடாதா என்று உலமாக்கள் வாதிக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் புக விருப்பமில்லை. அழுதபடி என்ற அந்தச் சொல் மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது. யாருக்காக அழுவது?

ஏனென்றால் இந்த வசனங்களை வைத்து நான் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். 1995 அக்டோபர் 30. நாங்கள் வெளியேற்றப்பட்டு சரியாக ஐந்து வருடம். இராணுவம் முன்னேற, வலிகாமத்து சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் செய்தி புத்தளத்தில் எங்கள் கிடுகுக் கொட்டிலுக்கு ரேடியோவில் வந்தபோது, "அல்லாஹ்ட தண்டனை, திகதியும் தப்பவில்லை" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அந்த வயதை ஒரு சாட்டாகச் சொல்ல மாட்டேன். என் வயதைத் தாண்டியவர்களும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாப்பா மட்டும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீர்வேலி ஆக்களும் நடப்பாங்க என்ன?" என்று உம்மாவிடம் கேட்டார். பிறகு தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாப்பாவுக்குப் புடவை வியாபாரம். சைக்கிளில் பொட்டணி கட்டிக்கொண்டு நல்லூர், கோப்பாய் தாண்டி நீர்வேலி வரை போவார். தோட்டக்காரர்கள் வாழைக்குலை வெட்டிக் காசு கண்டபோது கொடுப்பார்கள். அதுவரை கொப்பியில் கணக்கு நிற்கும். இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது அந்தக் கொப்பியும் வீட்டோடு நின்றுவிட்டது. வடக்கு முழுவதிலும் எழுபத்தையாயிரம் பேரளவில் வெளியேற்றப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தத் தொகையில் கொப்பிகள் அடங்காது. மவுத்தாவதற்கு முன்னம் வாப்பா, கொடுக்கவேண்டியவர்கள் எல்லோருக்கும் ஹலாலாக்கிவிட்டேன் என்று எங்களிடம் சொன்னார்.

நல்லூரில் பிள்ளைகள் மந்திரிமனையைப் பார்க்க, நான் பஸ்ஸில் இருந்துவிட்டேன். நல்லூரில் சோனகர் குடியிருந்ததையும், கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போட்டு அவர்களை நாவாந்துறைப் பக்கம் பெயர வைத்ததையும் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அதை எழுதிய மயில்வாகனப் புலவர் ஒளிக்கவில்லை என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். அதே மண்ணில்தான், வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் வைத்தீஸ்வராவிலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்து முதல் முஸ்லிம் சிவில் சேவையாளரானார். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

கோப்பாயில் மாவீரர் துயிலுமில்லம் இருந்த இடத்தைக் கடந்தோம். யுத்தம் முடிந்த பிறகு கல்லறைகளைத் தரைமட்டமாக்கி, 2011இல் அங்கே இராணுவத் தலைமையகம் திறந்தார்கள். எங்களை விரட்டிய துவக்குகளைப் பிடித்திருந்த கைகளும் அங்கே புதைந்திருந்திருக்கும். பஸ்ஸில் ஒருவர் "நல்ல வேலை" என்றார். ஒரு யூதரின் ஜனாஸா போனபோது நபியவர்கள் எழுந்து நின்றதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய மனமும் எனக்கு விளங்காமலில்லை.

நிலாவரைக்குப் போகும் வழியில் நீர்வேலிச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். செம்மண், வாழைத் தோட்டம், இறைப்பு மெசினின் சத்தம். பட்டியலில் எழுத அங்கே ஒன்றும் இல்லை. சைக்கிளில் புடவை கொண்டுவந்தவரின் மகன் என்று இரண்டு மூன்று வீட்டில் விசாரித்தேன். கடைசியில் ஒரு வயதான அம்மா விறாந்தையில் இருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நானாட மகனே? இருங்கோ தம்பி. வாப்பா சுகமோ?"

மவுத்தாகிவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருக்கு நான் முந்நூற்று நாற்பது ரூபா குடுக்க வேணும்" என்றார்.

"அதை அவர் எப்பவோ விட்டுட்டார் அம்மா."

"விட்டது அவற்ற நல்ல மனம் தம்பி. கடன் என்னுடையதெல்லோ. நீங்கள் போகேக்க நாங்கள் படலைக்குள்ள நிண்டு பார்த்துக்கொண்டு தான் நிண்டனாங்கள். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பயம். பிறகு நாங்களும் ஓடினம். வந்து பார்த்தா வீட்டில ஓடும் இல்லை."

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் எங்களை வெளியேற்றியதற்கு மன்னிப்புக் கேட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே எழுந்து நிற்க முடியாமல் போயிற்று.

அவர் உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்து நீட்டினார். வாப்பா விட்ட கடனை நான் வாங்கலாமா? ஃபிக்ஹு படித்தவர்கள் ஒரு பதில் சொல்வார்கள். வாங்காமல் விட்டால் பெருந்தன்மை எங்கள் பக்கம், கடன் என்றென்றைக்கும் அவர் பக்கம் என்று ஆகிவிடும்; ஒரு வயதான மனுசியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வர எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. வாங்கினேன். போகும்போது ஒரு கதலிக் குலையையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சுணங்கியதால் நிலாவரையைப் பார்க்க முடியவில்லை என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கோபம்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காசைக் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, எந்தப் புடவைக்கு என்று கேட்டார். அதை நான் கேட்டுவர மறந்துவிட்டேன்.