ஆடாமல் பெற்ற வெற்றி

விளையாட்டில் செய்யும் வஞ்சகம் வஞ்சகமாகுமா? எவர் பொருளும் பறிபோகவில்லை, எவரும் காயமுறவில்லை, வெறும் பொழுதுபோக்குத்தானே என்பர் பலர். வினா சிறிதாயினும் விடை அத்துணை எளிதன்று.

2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டை வெளியிட்டது. பல்லாயிரவர் கூடி ஆடும் அதில் படிப்படியாக உயர்வதற்கு நெடுநாள் உழைக்க வேண்டும். மறு ஆண்டே ‘கிளைடர்’ என்றொரு கணினி நிரல் தோன்றியது. ஆடுபவர் உறங்கிக் கிடக்க, அவர் பெயரால் அதுவே ஆடும். இத்தகைய நிரலை ‘பாட்’ என்பர். ஆட்ட விதிகள் இதனைத் தடுத்தன. நிறுவனம் ‘வார்டன்’ என்னும் காவல் நிரலை நிறுத்திப் பலரை வெளியேற்றிற்று. உடனே கிளைடர், காவலின் கண்ணிற் படாவண்ணம் திருத்தப்பட்டது. கூடுதல் மறைவு வேண்டுவோரிடம் திங்கள்தோறும் 5 டாலர் தனியே பெறப்பட்டது.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2010 டிசம்பரில் வந்த தீர்ப்பு நுட்பமானது. பாட் கொண்டு ஆடுவது ஒப்பந்த மீறலேயன்றிப் பதிப்புரிமை மீறலன்று. ஆயினும் காவலைக் கடக்கும் கருவியை விற்றது சட்டத்துக்கு மாறானது என்றது.

சட்டம் தன் எல்லையில் நின்றுவிட்டது. மனசாட்சி அங்கே நிற்கலாகாது. அந்த 5 டாலர் எதற்கான விலை?

மறைப்பதெல்லாம் குற்றமன்று. ஈவோர் தம் கொடையை மறைப்பதுண்டு. அது பெறுவோரின் மானத்தைக் காக்கிறது. ஆனால் இங்கே மறைவு காப்பது எதனை? உண்மை தெரிந்தால் பிறர் தரமாட்டாத மதிப்பொன்றினை. இதுவே இரண்டுக்குமுள்ள வேறுபாடு.

அவ்விளையாட்டில் ஒருவரது உயர்நிலை வெறும் எண்ணன்று. “இத்தனை தூரம் நானே நடந்து வந்தேன்” என்று உடன் ஆடுவோர்க்கு அவர் அளிக்கும் சாட்சியம் அது. உறங்கியவர் அதனைச் சொல்லும்போது அது பொய்ச் சாட்சியமாகிறது. உண்மையாக உழைத்தவரின் சாட்சியமும் அதனால் ஐயத்துக்குள்ளாகிறது. எவருக்கும் இழப்பில்லை என்னும் வாதம் இங்கே வீழ்ந்துவிடுகிறது.

உழைப்பு சலிப்பூட்டுகிறதெனின், ஆட்டத்தை விட்டு விலகும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆட்டத்தை வெறுத்துக்கொண்டே அதன் பெருமையை மட்டும் விரும்புவதற்கு உரிமையில்லை.

நம் பிள்ளைகள் கணினி முன் அமரும்போது “பிடிபடுவாயா?” என்று கேட்க வேண்டா. “நீ ஆடினாயா?” என்று கேட்போம்.