கை தவறியதா, கை தட்டியதா?



ரக்பி என்னும் பந்தாட்டத்தை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். அதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; ஆனால் முன்னால் எறியக் கூடாது. பந்து ஒருவன் கையில் பட்டு முன்னால் விழுந்தால் தவறு. கைதவறி விழுந்ததானால் சிறு தவறு. இரு கட்சியாரும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’ வைத்து ஆட்டத்தைத் தொடருவார்கள். வேண்டுமென்றே தட்டிவிட்டதானால் எதிர்க்கட்சிக்குத் தண்டனை உதை கிடைக்கும். தட்டியவர் பல சமயம் மஞ்சள் அட்டை பெற்று 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

விழுந்த பந்து ஒன்றே. வித்தியாசம் உள்ளத்தில் இருக்கிறது. நடுவரோ உள்ளத்தைக் காணமாட்டார். பின் எப்படித் தீர்ப்பிடுவார்?

சட்டம் ஒரு வழி சொல்கிறது: பிடிக்க முயலும்போது பந்து முன்னால் விழுந்தாலும், அதைப் பிடித்துவிடலாம் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்ததானால் அது வேண்டுமென்றே தட்டியதாகாது. ஆகையால் நடுவர் கை விரிந்திருந்த விதத்தையும், பந்து இருந்த தூரத்தையும், அது போன திசையையும் பார்க்கிறார். “பிடிக்கத்தான் பார்த்தேன்” என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது.

2023-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி பாரீஸ் அருகே உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. முடிய சில நிமிடங்களே இருக்கையில், நியூசிலாந்தார் எறிந்த பந்தைத் தென்னாப்பிரிக்க வீரர் செஸ்லின் கோல்பே மறித்தார். அது முன்னால் விழுந்தது. நடுவர் வேன் பார்ன்ஸ் மஞ்சள் அட்டை காட்டினார். கோல்பே ஓரத்தில் அமர்ந்து, ஆட்டத்தைப் பார்க்கத் துணியாமல் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கட்சி 12-11 என்று ஜெயித்தது.

அவர் உள்ளத்தில் இருந்தது சர்வேசுரனுக்குத் தெரியும். நடுவர் தீர்ப்பிட்டது செய்கையைப் பற்றியேயன்றி, அந்த மனிதனுடைய ஆத்துமத்தைப் பற்றியல்ல. இதைக் கவனியுங்கள்.

தகப்பனும் தாயும் ஆசிரியரும் நடுவரைப்போல் தீர்ப்பிடக் கடமைப்பட்டவர்கள். பிள்ளை பாத்திரத்தை உடைத்தால் கண்டிக்கலாம். ஆனால் “நீ வேண்டுமென்றேதான் செய்தாய், நீ எப்போதும் இப்படித்தான்” என்று சொல்லும்போது, நமக்குக் கொடுபடாத நாற்காலியில் ஏறி உட்காருகிறோம். கலியாணத்துக்கு வராத உறவினரையும், பூசை முடிந்து முகங்கொடாமல் போன அயலாரையும் பற்றி நாம் எத்தனை முறை மஞ்சள் அட்டை நீட்டியிருக்கிறோம்! அவர்களுடைய நோவையோ, கடனையோ விசாரித்தோமா?

நம்மைப் பற்றியோ நேர்மாறாக நடக்கிறோம். “வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது” என்கிறோம். சாவான பாவத்துக்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்ததைச் சாக்காக வைத்துக்கொள்கிறோம். அங்கேதான் நடுவரின் கேள்வி நமக்கு உதவும்: அந்த வார்த்தையால் நன்மை வருமென்று எதிர்பார்க்க நியாயம் இருந்ததா? அல்லது பிறன் கைக்குப் போகும் பந்தைத் தட்டிவிடுவதே நோக்கமா? நடுவருக்கு இல்லாத சாட்சி ஒன்று நமக்கு உண்டு, அதுவே மனச்சாட்சி.

ஆகவே இன்றிரவு செபத்துக்குப்பின் ஆத்தும சோதனை செய்யும்போது, பிறர் கையைப் பற்றி நல்லதையே நினைப்போம். நம் கையை நன்றாக உற்றுப்பார்ப்போம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் “கை தவறியது” என்பதையும், “தட்டினேன்” என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்லும் தைரியத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.