பெயர்ந்தோர் பொருள்

போடிமெட்டு ஏறிச் சாந்தன்பாறைக்கு வருவோர் இரு வகையினர். ஏலத்தோட்ட வேலைக்குக் காலையில் ஜீப்பில் வந்து மாலையில் மலையிறங்குவோர் ஒரு சாரார். வந்த மண்ணிலேயே வேரூன்றிவிட்டோர் மறு சாரார். இவர்தம் பிள்ளைகளுள் சிலர் இன்று கடல்கடந்தும் செல்கின்றனர். பெயர்ந்து வாழும் இவர்கள் அனைவர் முன்னும் ஒரே வினா நிற்கிறது: ஈட்டும் பொருள் யாருக்கு உரியது?

ஊருக்கே உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதனால் ஈட்டுவோன் அங்கே அரைவயிறு உண்கிறான். இங்கே எழும் புதுவீடு பூட்டிக் கிடக்கிறது. அவனும் அக்குடும்பத்தில் ஒருவன் என்பதை மறந்த ஈகை, ஈகை ஆகுமா?

இலங்கை மலையகம் நமக்கொரு பாடம் தந்துள்ளது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. சேமநிதியையும் பணிக்கொடையையும் உடன்கொண்டுவர அவர்களுக்கு வழி இருந்தது. ஏட்டில் ஏறிய பொருளுக்கே எல்லை கடக்கும் உரிமை உண்டு என்பதே அப்பாடம். இன்றும் வேலைக்காக அயல்நாடு செல்வோர், 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ், தம் பழைய வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஆகவே கணக்கெழுதுதல் கருமித்தனம் அன்று, அறமே ஆகும். வாழும் இடத்துக்கு ஒரு பங்கு, பிறந்த ஊருக்கு ஒரு பங்கு, திரும்பும் நாளுக்கு ஒரு பங்கு என வகுத்தல் நன்று. வள்ளுவர் பொருளை அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே வைத்தார். ஈட்டுவோனின் பசியை மறந்த பொருள் அவ்விரண்டையும் இழந்து தனித்தே நிற்கும்.