ராணி படையும் சயாம் ரயிலும்

1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில்பாதையும் முடிந்தது. இரண்டு இடத்திலும் மலாயாத் தமிழர்கள் இருந்தார்கள். முகாமுக்குத் தாமாக வந்தார்கள். ரயில்பாதைக்கு ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள்.

கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பேச்சைக் கேட்டு வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். மறுத்த தந்தையை இணங்கவைத்துப் படையில் சேர்ந்தவர். பின்னர் அதன் துணைத் தளபதி. சொந்த மக்களைச் சாகடிக்கும் ஜப்பானியர் கையிலிருந்து துப்பாக்கி வாங்கி விடுதலைக்குப் போராடியது சரியா?

தவறு என்று சட்டென்று சொல்பவர்கள் 1941இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று. ஆங்கிலேயர் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை விட்டுத் தொழிலாளரைச் சுட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து அந்த ஆட்சியை எதிர்க்க ஒரு படை அழைத்தபோது, போகாதே என்று தடுக்க யாருக்கு வாய் வரும்? சயாமுக்குப் போகாமல் தப்பவே இந்திய தேசிய ராணுவத்தில் பெயர் கொடுத்த தோட்டத்து இளைஞர்களும் உண்டு. அவர்களிடம் போய் அறம் பேசுவது வெட்கக்கேடு.

தலைமையின் கதை வேறு. படைக்குப் பின்னால் நின்ற இந்தியச் சுதந்திரச் சங்கத்துக்கு மலாயா முழுதும் கிளைகள் இருந்தன. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் ஆளில்லாமல் போவது அவற்றின் கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஜப்பானியரைப் பகைத்தால் படையே இல்லை என்பது ஒரு கணக்கு. அது சரியான கணக்காகக்கூட இருக்கலாம். ஆனால் உயிரைக் கொடுத்து அதை அடைத்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பழி அங்கேதான் சேரும்.

ஜானகிக்கு அதில் பங்கே இல்லையா? சின்னப் பெண், என்ன தெரியும் என்று சிலர் பரிந்து பேசுவதுண்டு. அது அவரைக் குறைத்துப் பேசுவது. படை நடத்தும் பக்குவம் இருந்தவருக்குக் கேள்வி கேட்கும் பக்குவம் மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டிருந்தாலும் எதையும் மாற்றும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அதிகாரம் உள்ள அளவுக்குத்தான் பொறுப்பு. அவர் தன் கைக்கு எட்டியதைச் செய்தார். 1946இல் இந்திய தேசியக் காங்கிரஸின் மருத்துவக் குழுவோடு சேர்ந்து, போர் சிதைத்துப்போட்ட இந்தியர்களிடையே உழைத்தார். அதே ஆண்டு மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) உருவானபோதும் உடனிருந்தார். 2000இல் பத்மஸ்ரீ வந்தது. துப்பாக்கி ஏந்திய நாட்களைவிட மருந்துப்பெட்டியோடு அலைந்த நாட்களுக்கே அது கூடுதலாகப் பொருந்தும்.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள இந்தியக் கலாச்சார மையம் 2015 முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ராணி படையின் வீரத்தைப் பேச அங்கே கூடுகிறவர்கள், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும் அதே மேடையில் பேச வேண்டும்.