ஐந்து கிலோ யார்க்கியும் யார்க்கிதான்

‘வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது, உள்ளங்கையிலேயே அடங்கும்’ என்று சொல்லி யாராவது யார்க்‌ஷயர் டெரியர் (யார்க்கி) குட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறதே என்று இரங்கியும் வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு இன்னொரு பெட்டை நாயின் தலையில்தான் விடியும்.

இப்படி விற்பவர்கள் சொல்லும் ‘டீகப்’ என்று ஓர் இனம் கிடையாது. பிரிட்டனின் கென்னல் கிளப்பும் சரி, அமெரிக்கக் கென்னல் கிளப்பும் சரி, அப்படி ஒரு வகையை ஏற்றதே இல்லை. இனத்துக்கு எழுதிவைத்திருக்கும் இலக்கணம் 3.2 கிலோ வரை என்கிறது. மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பு இல்லை. வியாபாரம் நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

அந்த வரம்பும் கண்காட்சி மேடைக்கு உரியது. நாய் கலப்பா, சுத்தமா என்று அது சொல்லாது. 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி யார்க்‌ஷயர் பக்கம் வந்த ஸ்காட்லாந்து நெசவாளர்கள் கொண்டுவந்த டெரியர்களிலிருந்து உருவான இனம் இது. எலி பிடித்த நாய். 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென்னைத்தான் இனத்தின் மூலத் தகப்பன் என்கிறார்கள். அதன் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ! இன்றைய மேடையில் தகப்பனையே ஏற்ற மாட்டார்கள். ஆனால் அது பெற்றவற்றில் பல அதைவிட மிகச் சிறியவை. ஆக, பெரிதும் சிறிதும் ஆரம்பத்திலிருந்தே ஒரே ரத்தத்தில் ஓடுகின்றன. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று இரண்டரைக் கிலோவிலும் இன்னொன்று ஐந்திலும் போய் நிற்கலாம்.

அதனால் ‘ஏமாற்றிவிட்டான், கலப்பு நாயைத் தள்ளிவிட்டான்’ என்று வளர்ந்த நாயைத் திருப்பிக் கொடுக்கவோ தெருவில் விடவோ துணியாதீர்கள். நிறத்தையும் காதையும் ரோமத்தையும் வைத்தும் அப்படி முடிவு கட்டாதீர்கள். கருப்பாகப் பிறந்த முதுகு நீலச்சாம்பலாக மாற இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். சிலவற்றுக்குக் கருப்பு கடைசிவரை போகாது. காது நிமிரச் சில மாதங்கள் பிடிக்கும். ரோமம் எல்லாவற்றுக்கும் பட்டாக விழுவதில்லை. 1984இல் ஜெர்மனியில் பீவர் தம்பதியிடம் வெள்ளைத் திட்டோடு ஒரு யார்க்கிக் குட்டி பிறந்தது. அவர்கள் அதைக் குறை என்று ஒதுக்கவில்லை. அந்த வழியில் வந்த பீவர் டெரியரை 2021இல் அமெரிக்கக் கென்னல் கிளப் தனி இனமாகவே ஏற்றது.

இப்போது அந்த ஒரு கிலோ நாயைக் கிட்டத்தில் பாருங்கள். உச்சந்தலையில் விரல் வைத்தால் பலவற்றுக்கு உச்சிக்குழி மூடாமல் மெத்தென்று அமுங்கும். பெரிய நாய்க்கும் 42 பல், இதற்கும் 42 பல். அத்தனையும் அந்தச் சின்ன வாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு முளைக்க வேண்டும். பால்பல்லும் விழாமல் கூடவே நிற்கும். குட்டிக்கு ஒருவேளைத் தீனி தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். முதலில் சோர்ந்து படுக்கும், நடை தள்ளாடும், ஈறு வெளுக்கும், பிறகு வலிப்பு வரும். அப்போது ஈறில் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் 113 கிராம் எடையில் ஒரு யார்க்கி இருந்தது. உலகிலேயே சிறிய நாய் என்று பெயர் வாங்கியது. இரண்டு வயது நிறையும் முன்பே, 1945இல் செத்துப்போனது.

இனப்பெருக்கம் செய்கிறவர்களே, இரண்டு கிலோகூட இல்லாத பெட்டையைச் சினைக்கு விடாதீர்கள். குட்டியின் தலை வெளியே வரத் தாயின் இடுப்பில் பல நேரம் இடம் போதாது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும். சில நேரம் தாயும் பிழைக்காது. ஈற்றில் நோஞ்சானைத் தேர்ந்து நோஞ்சானோடே சேர்ப்பது வளர்ப்பு அல்ல, கொடுமை. ஒரு பெட்டை ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போடக்கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று இந்தியாவில் 2017இலேயே விதி வந்துவிட்டது. ஐந்து வாரக் குட்டியைக் காட்டி ‘மூன்று மாதம் ஆகியும் இவ்வளவுதான் இருக்கிறது’ என்று விற்பது பொய், குற்றமும்கூட.

வாங்கப் போகிறவர்கள் முதலில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் எடையைக் கேளுங்கள், எத்தனை ஈற்று, எத்தனை சிசேரியன் என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கனவே யார்க்கி வைத்திருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய் பெரிதாகிவிடுமே என்று சிலர் குட்டிக்குத் தீனியைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பட்டினி போட்டால் இனம் சிறுக்காது, ஈரலும் எலும்பும்தான் கெடும். விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்கு மெல்லத் தட்டுப்பட்டால், தராசு நாலரை காட்டினாலும் ஐந்து காட்டினாலும் அதுதான் அந்த நாய்க்குரிய எடை. இன்று இரவுத் தீனியிலிருந்தே அளவைக் குறைக்காமல் வையுங்கள்.