வேப்பெண்ணெய் வெளுக்கும்போது

பனமலை ஏரிக்குக் கீழே கத்திரித் தோட்டம். அசுவிணி விழுந்திருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் என்பது வழக்கமான கணக்கு. காதி சோப்பைச் சீவிக் கரைத்த வாளியில் பையன் எண்ணெயை ஊற்றிக் கலக்குகிறான். "ஒரேயடியா ஊத்தாதடா, பிரிஞ்சிக்கும்," என்கிறார் வரப்பில் நிற்கும் அப்பா. பழுப்பு எண்ணெய் காணாமல் போய், வாளி முழுக்க வெள்ளை. வெள்ளையாக எதையும் போடவில்லை. நுண்துளிகளாக உடைந்த எண்ணெய் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

*

எண்ணெயும் தண்ணீரும் பகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். தண்ணீருக்கு எண்ணெய் மேல் கோபம் ஒன்றுமில்லை. தன் மூலக்கூறுகள் பிடித்திருக்கும் பிடியை விட மனமில்லை, அவ்வளவுதான்.

சோப்பு மூலக்கூறின் தலை தண்ணீரோடு சேரும். கரியணுக்கள் கோத்த நீண்ட வால் சேராது. தண்ணீர் ஓரங்கட்டிய வால் எண்ணெய்க்குள் புகுந்துகொள்கிறது, தலை வெளியே நிற்கிறது. நாலைந்து பேர் மட்டும் இருக்கும்வரை எல்லையில் தாறுமாறாகச் சாய்ந்து கிடப்பார்கள். கூட்டம் சேரச் சேர, சாய இடமில்லாமல் நிமிர்கிறார்கள். வரிசை கட்டச் சொன்னவர் யாருமில்லை, நெரிசல்தான் நிமிர்த்துகிறது. எல்லை நிறைந்தபின் மிஞ்சியவை தண்ணீருக்குள்ளேயே வால்களை உள்ளே ஒளித்து உருண்டைகளாகத் திரள்கின்றன. நின்றவையும் நின்றபடி இருப்பதில்லை: ஒன்று கழன்று போகும், இன்னொன்று வந்து அமரும்.

தலைகளில் எதிர்மின்னூட்டம். அதனால் துளியும் துளியும் ஒட்டாமல் விலகி நிற்கின்றன.

*

ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் வீட்டிலேயே தகரத் தொட்டி வைத்து நீர்ப்பரப்பின் படலத்தை நெருக்கி நெருக்கி அளந்தார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. ரேலே பிரபு அனுப்பிவைக்க, 1891இல் ஆக்னஸின் கடிதம் 'நேச்சர்' இதழில் வந்தது. படலத்தில் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்பதை 1917இல் விளக்கிய லாங்மூருக்கு 1932இல் நோபல். என் கணக்கில் அதில் ஒரு பங்கு அந்தத் தகரத் தொட்டிக்குச் சேரும்.

*

தோட்டத்துக்கு மேலே, பனமலைக் குன்றில், ராஜசிம்ம பல்லவனின் தாளகிரீசுவரர் கோயில். அங்கே மிஞ்சியிருக்கும் அம்மன் ஓவியத்தைத் தாங்குவது சுண்ணாம்புச் சாந்து. அதிலுள்ள கால்சியமே போர் தண்ணியில் கரைந்து வந்தால் கதை வேறு. ஒரு கால்சியம் இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். சோப்பு திரிந்து ஏடாகும். காவல் போன துளிகள் ஒன்றாகி மேலே மிதக்கும், திரண்ட எண்ணெய் பட்ட இலை கருகும்.

மழைத்தண்ணி சேரும் ஏரியிலிருந்துதான் அப்பா எடுத்துவரச் சொல்லியிருந்தார். அப்படியும் தெளிப்பான் டேங்கை அவ்வப்போது ஆட்டிக்கொண்டே, கலக்கியதை அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும்.