மனவாட்டம் ஈமானின் குறையா?

ஆண்டுக் கடைசியில் நம் ஜொகூரில் மழை பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது என்பது யாவரும் அறிந்ததே. மலாய்ச் சகோதரர்கள் அக்காலத்தைத் தெங்குஜு என்பார்கள். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரையிலும் ஓயாது. மெர்சிங்கில் படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். அஸருக்கே பள்ளிவாசலில் விளக்குப் போட வேண்டியிருக்கும். சஃபும் சுருங்கிப் போகும். வழக்கமாக வருகிறவர்களில் சிலரைக் காணோம் என்றால், ஒருவருக்கு முழங்கால் வலி என்போம், இன்னொருவருக்கு மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை என்போம். வேறு சிலர் ஏன் வரவில்லை என்று நாம் கேட்பதே இல்லை. கேட்காமலே ஒரு தீர்ப்பை மட்டும் கையில் வைத்திருக்கிறோம். அத்தீர்ப்பைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவர் இருக்கிறார். கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருந்து, பிறகு ஜொகூர் பாருவில் மகன் வீட்டோடு வந்து தங்கியவர். மற்ற மாதங்களில் அவர் இல்லாமல் ஒரு கந்தூரி நடக்காது, ஒரு நோன்புக் கஞ்சிக்கு அரிசி அளக்கப்படாது. நவம்பர் பிறந்தால் ஆள் மறைந்துவிடுவார். மாசி மாதம் வெயில் வந்த பிறகு, இளைத்த முகத்தோடு வந்து பின் வரிசையில் நிற்பார். நாம் இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். 'தெங்குஜு பாய்' என்று பெயர்கூட வைத்தோம். பிறகு ஓர் ஆண்டு, நம்மில் நால்வர் கூடி, பெரியவருக்குப் புத்தி சொல்வது நம் கடமை என்று அவர் வீட்டுக்கே போனோம்.

"என்ன பாய், மழையைக் கண்டால் மார்க்கம் மறந்து போகுமா? அல்லாஹ் உங்களுக்கு என்ன குறை வைத்தான்? நல்ல பிள்ளைகள், வீடு வாசல், ஹஜ்ஜும் முடித்துவிட்டீர்கள். இதற்கு மேலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தால் அது நன்றி கெட்ட காரியமல்லவா?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். மற்ற மூவரும் தலையாட்டினோம்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது சரிதான் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன் பின் ஜும்ஆவுக்கும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவியார் சொல்லியனுப்பிய செய்தி நம் வாயை அடைத்தது. அவர் வீட்டில் ஒரு வக்துத் தொழுகையையும் விட்டதில்லையாம். தொழுது முடித்த பின் முஸல்லாவை மடிக்கக்கூடக் கை எழாமல் அதன்மேலேயே உட்கார்ந்திருப்பாராம். நாம் போய் வந்த நாள் முதல், "என் ஈமான் போயிடுச்சாமே" என்று அந்த அம்மாளிடம் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவரிடம் இல்லாத ஒரு குற்றத்தை நாம் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேநீரும் குடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட வாட்டம் மழை நாட்டில் மட்டும் உள்ளதன்று. நம் அங்கத்தினர் ஒருவரின் மகன் படிப்பதற்கு மான்செஸ்டர் போயிருந்தான். அங்கே டிசம்பர் மாதத்தில் சூரியன் எட்டேகால் மணிக்கு மேல் எழுந்து, நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிபு மூன்றும் நான்கு மணி நேரத்துக்குள் வந்து போய்விடும். நமக்கோ பூமத்திய ரேகைக்கு அருகிலேயே வாழ்க்கை. ஜொகூர் பாருவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் பத்து நிமிஷமே வித்தியாசம். இந்த வெளிச்சத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு இரண்டாவது குளிர்காலத்தில் படிப்பு ஓடவில்லை, தூக்கம் மட்டும் ஓயவில்லை. ரொட்டியும் இனிப்புமாகத் தின்றான். யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தொலைபேசியில் தாயார், "இன்னும் நாலு ரக்அத் கூடத் தொழுப்பா, சரியாயிடும்" என்றார்கள். "தொழுறேம்மா. தொழுதுட்டு எந்திரிக்க முடியல" என்றான்.

கடல் கடந்த இந்தப் பிள்ளையும் கோத்தா திங்கிப் பெரியவரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது நமக்குப் பின்னால்தான் உறைத்தது.

பையனுக்கு வந்தது இன்னதென்று அங்குள்ள வைத்தியர் உடனே கண்டுகொண்டார். 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசெந்தால் என்ற மனநல வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோயை விவரித்துப் பெயரிட்டார்கள். ரோசெந்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர். வட நாட்டுக் குளிர்காலத்தில் தமக்கே ஊக்கம் குன்றுவதைக் கண்டவர். பகல் வெளிச்சம் குறைவதால் உடலுக்குள் இருக்கும் நாள்கணக்குப் பிசகுவதே இதன் வேர் என்பது பெரும்பாலோர் கொள்கை. வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பத்தாயிரம் லக்ஸ் தரும் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் இருப்பது ஒரு சிகிச்சை. கண்ணோயுள்ளவர்களும் மனம் சில சமயம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது. பேச்சு முறைச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. பையன் விளக்கு வாங்கினான். வைத்தியர் தந்த மாத்திரையையும் சாப்பிட்டான். ஓர் ஆண்டு பிந்தினாலும் பரீட்சை எழுதித் தேறினான்.

நம் பெரியவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. இங்கே பகல் குறுகுவதில்லையே! அவரைப் பரிசோதித்த வைத்தியர் பெண்மணி, நாம் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "எந்த வருஷத்திலிருந்து இப்படி?" என்றார். அதற்குப் பதில் 2007 என்று வந்தது.

2006 டிசம்பரில் ஜொகூர் ஆறு பெருகிக் கோத்தா திங்கி பட்டணம் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடிந்த சேற்றை வாரிக் கழுவி, கடைக்காரர்கள் கடன் வாங்கிச் சரக்கு இறக்கிய வேளையில், 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம் வந்தது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நம் பெரியவருடைய கடை இருமுறையும் போயிற்று. முதல் வெள்ளத்தைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார், சிரித்துக்கொண்டே. இரண்டாவதைப் பற்றிப் பேசியதே இல்லை. மழையொலி கேட்டால் இன்னும் எழுந்து போய் வாசற்படியைத் தடவிப் பார்க்கிறாராம். மகன் வீடோ எட்டாவது மாடி!

இனி விஷயத்துக்கு வருவோம். வாட்டம் என்பது ஈமானின் குறையா? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பல்கு தேசத்து அறிஞர் அபூ ஸைது அல் பல்கீ (850–934) உடல், உள்ளம் இரண்டின் நலத்தைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். தம் காலத்து வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. அதற்கு நற்பேச்சும் நற்சிந்தனையும் மருந்து. காரணம் தெரியாமலே வந்து கவிந்துகொள்ளும் துக்கம் மற்றொன்று. அது உடலிலிருந்து எழுவது, அதற்கு உடல் வைத்தியம் வேண்டும் என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்ததை, மான்செஸ்டர் வைத்தியர் சொன்ன பின்தான் நாம் தேடிப் பார்த்தோம் என்பது பெருமைக்குரிய செய்தியன்று.

இன்னும் பின்னே போனால், கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே நம் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. யூசுபைப் பிரிந்த துயரத்தில் யஃகூபு நபியின் கண்கள் வெளுத்துப் போயின. இவர்களின் ஈமானை யார் அளக்க முடியும்? துக்கமடைந்தவர்களுக்கு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள் ஆயிஷா நாயகியார். அது நெஞ்சுக்கு இதம் தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்தார்கள். உபதேசத்தோடு நில்லாமல் கஞ்சியும் போயிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கடும் மழையில் அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் சொன்ன மார்க்கமும் இதுவே. மழைக்கு மார்க்கம் விட்டுக் கொடுத்த இடத்தை மனிதராகிய நாம் பிடுங்கிக்கொண்டோம்.

கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் காவல் தேடும் துஆ ஒன்று நம்மில் பலருக்குப் பாடம். அதில் கடன் சுமையும் சேர்ந்து வருகிறது. கடன்பட்டவனை ஈமானற்றவன் என்று நாம் சொல்வதில்லை. ஆகவே துக்கப்படுகிறவனையும் சொல்லலாகாது என்று ஒரு நண்பர் வாதித்தார். வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே துஆவில் கஞ்சத்தனமும் சோம்பலும் உள்ளனவே! அவை மனிதன் திருத்திக்கொள்ள வேண்டிய குற்றங்கள் அல்லவா? ஆகவே அந்தத் துஆவை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது.

சோம்பல் என்ற சொல் வந்துவிட்டதால் எதிர்க்கட்சியையும் கேட்டுவிடுவோம். "எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிட்டால், வேலைக்குப் போகாமல் படுத்திருப்பவனும் மழையைச் சாட்சிக்கு அழைப்பான். பிறகு யாருக்குத்தான் பொறுப்பு?" என்பார்கள். நியாயமான கேள்வியே. நாம் கண்ட வரையில் சொல்கிறோம்: சோம்பேறிக்குத் தன் ஓய்வில் சுகம் இருக்கும். வேலையைத் தள்ளிவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பான், பிரியாணி எங்கே என்று கேட்பான். வாட்டமுற்றவருக்குப் படுத்திருப்பதிலும் சுகமில்லை. தமக்குப் பிரியமானதும் பிரியமாக இருப்பதில்லை. தம்மை அவர் நம்மைவிடக் கடுமையாக ஏசிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் பொறுப்பு உண்டுதான்: வைத்தியரிடம் போவது, மாத்திரையை நடுவில் நிறுத்தாதிருப்பது, கதவைத் தட்டுகிறவருக்குத் திறப்பது. அந்த அளவும் சில காலைகளில் அவருக்கு மலையாக இருக்கும். வந்த வாட்டத்துக்கு அவரைக் குற்றவாளியாக்கினால், அந்தச் சிறு பொறுப்புக்கும் அவரிடம் பலம் மிஞ்சாது.

நம் பெரியவர்கள் ரஜூலா கப்பலில் ஏறி இங்கு வந்த நாட்களில், குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே கடைமாடியில் படுத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்! மழை நாளில் அவர்கள் நெஞ்சு என்ன பட்டிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தம்போயில் 1937இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றும் பெர்மாய் என்ற பெயரில் நடக்கிறது. ஆயினும் 'தம்போய்' என்ற சொல்லையே ஏச்சாக வழங்கி வந்த ஊர் இது. ஒரு மனிதன் அங்கே போய்க் கேட்க எப்படித் துணிவான்? தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றிருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. மார்க்கத்தில் அச்செயல் ஹராமாகவே இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த விளிம்புவரை போய் மீண்டவரைப் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பாமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பின், பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நாம் மட்டும் இன்னும் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறோம்.

பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். ஒன்றுமில்லாமல் இல்லை என்று முகம் சொல்லிற்று. சிகிச்சை நடக்கிறது. முன்போல முற்றும் முடங்குவதில்லை. ஆனாலும் டிசம்பர் கடைசி வாரங்கள் கடினமாகவே கழிகின்றன. அவர் கேட்டது ஒன்றே. காலையில் யாராவது வந்து தம்மை வெளியே கூட்டிப் போனால் நலம், பேசத் தேவையில்லை என்றார். அதன்படி சுபுஹுக்குப் பின், மழை விட்ட நேரத்தில், ஒருவர் அவரோடு நடந்து, கடையில் ஒரு தேத்தாரேக் குடித்துத் திரும்புகிறார்.

இவ்வாறு போகிறவர்கள் இப்போது ஐந்து பேர். செவ்வாய்க்கும் சனிக்கும் ஆள் இல்லை. இயன்றவர்கள் நவம்பருக்கு முன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.